பிஎஃப் மெம்பர் போர்ட்டல்: பேப்பர் போடும் ஐடிக்காரர்களுக்கான ஒரு மதிப்பீடு

கம்பெனி விசுவாசத்தைப் பற்றி அப்ரைசல் அறையில் ஒரு மாதிரி பேசுவார்கள், டீக்கடையில் வேறு மாதிரி பேசுவார்கள். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல், யார் எந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் இருந்தார் என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு: ஈபிஎஃப்ஓவின், அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) அமைப்பின், மெம்பர் போர்ட்டல். வேலையில் இருக்கும்வரை பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. வேலை மாறிய பிறகு மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கணக்குப் புத்தகம் என்ற அளவில் போர்ட்டல் நன்றாகவே வேலை செய்கிறது. பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேர்ப்பது 2025-க்கு முன் பெரிய தலைவலி, இப்போது பரவாயில்லை. புகார்ப் பிரிவு சுமார். பெரிய குறை என்று சொன்னால் ஒன்றுதான்: உங்கள் பணத்துக்கான சில சாவிகளை இன்னும் பழைய கம்பெனியின் எச்ஆர் கையில் விட்டு வைத்திருக்கிறது. எந்தெந்தச் சாவி, பேப்பர் போடுவதற்கு (ராஜினாமா செய்வதற்கு) முன்பே அதை எப்படி வாங்கி வைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே அதிகம் பார்க்கப் போகிறோம்.

பாஸ்புக்கில் ஒரு வரி

பாஸ்புக்கில் ஒரு மாதத்துக்கு ஒரு வரி. அதில் மூன்று தொகைகள் இருக்கும்: தொழிலாளி பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன். பேசிக் 40,000 ரூபாய் வாங்குகிறவருக்கு, முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கும் கம்பெனி என்றால், அந்த வரி 4,800, 3,550, 1,250 என்று இருக்கும். நீங்கள் போடுவது 12 சதவீதம். கம்பெனி போடுவதும் 12 சதவீதம்தான், ஆனால் அதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அந்த 8.33-ஐ 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கிடக் கூடாது என்பதால் 1,250-இல் நின்றுவிடும். 2014 செப்டம்பர் 1-இல் 6,500-லிருந்து உயர்த்திய வரம்பு அது. கம்பெனி பிஎஃப்பையே 15,000-க்குச் சுருக்கி வைத்திருந்தால் வரி 1,800, 550, 1,250 ஆகிவிடும். ஆஃபர் லெட்டரில் பேசிக் எவ்வளவு என்று பார்ப்பவர்கள்கூட இந்த இரண்டில் எது என்று கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது.

‘கம்பெனி உங்களுக்காகப் பிஎஃப் போடுகிறது’ என்று இண்டக்ஷனில் சொல்லும்போது நெகிழ வேண்டிய அவசியமில்லை. அந்தப் பங்கும் உங்கள் சிடிசிக்குள் (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகைக்குள்) ஏற்கெனவே எண்ணப்பட்டதுதான். நெகிழாதது போலவே அசட்டையாகவும் இருக்க வேண்டாம். ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் இரண்டு மூன்று மாதமாக வரி ஏறவில்லை என்றால், அந்தக் கம்பெனியின் நிதி நிலைமையைப் பற்றி டவுன்ஹாலில் சிஇஓ சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்கிறது. ஸ்டார்ட்அப்பில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. 2025 செப்டம்பரிலிருந்து சுருக்கப் பாஸ்புக் மெம்பர் போர்ட்டலுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்போல அதற்கென்று தனித் தளத்தில் மறுபடி லாகின் செய்ய வேண்டியதில்லை. போர்ட்டல் திணறும் நாளில் யுஏஎன்னோடு (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) பதிந்த மொபைலிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக வந்த தொகையும் இருப்பும் எஸ்எம்எஸ்ஸில் வரும்.

வட்டி 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 8.25 சதவீதம். மாத இருப்பை வைத்துக் கணக்கிட்டு, நிதியாண்டு முடிந்தபின் மொத்தமாக வரவு வைப்பார்கள். ஏப்ரலில் வட்டி ஏறவில்லையே என்று பதற வேண்டாம், பல மாதம் தாமதமாக ஏறினாலும் வட்டி குறைவதில்லை.

ஐந்து வருடம் யாருக்கு?

‘அஞ்சு வருஷம் முடிச்சுட்டுப் போ’ என்பது ஐடி வட்டாரத்தில் எல்லோரும் தரும் அறிவுரை. இதில் இரண்டு வெவ்வேறு ஐந்து வருடங்கள் குழம்பிக் கிடக்கின்றன.

ஒன்று கிராஜுவிட்டி. இது உண்மையிலேயே ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் இருந்ததற்கான தொகை. கடைசியாக வாங்கிய பேசிக்கோடு பஞ்சப்படியும் இருந்தால் சேர்த்து, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். பேசிக் 60,000, ஐந்து வருடம் என்றால் சுமார் 1,73,000 ரூபாய். ஐந்தைத் தாண்டியபின் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகும். நான்கு வருடம் 240 நாள் முடித்தவருக்கும் ஐந்து வருடக் கணக்கு உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் தானாக முன்வந்து இதைப் பின்பற்றுவதில்லை. அந்த விளிம்பில் இருப்பவர்கள், நான்கரை வருடத்தில் பேப்பர் போடுவதற்கு முன் எச்ஆர் பாலிசியில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 90 நாள் நோட்டீஸ் பீரியடும் பணிக்காலத்தில் சேரும் என்பதைக் கூட்டிப் பார்க்க மறப்பவர்கள் அதிகம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடமே போதும். கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்டர்களும் சப்போர்ட் ஆட்களும் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, அது எந்த வகை என்று பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது ஐந்து வருடம் பிஎஃப்புக்கான வரி விலக்கு. இதற்கும் ஒரே கம்பெனியில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு வருடம் ஒரு கம்பெனி, ஒன்றரை வருடம் இன்னொன்று, இரண்டு வருடம் மூன்றாவது. கணக்கை மாற்றிக்கொண்டே வந்திருந்தால் ஐந்தரை வருடத் தொடர் பணிதான். மாற்றாமல் எடுத்தால் ஒவ்வொன்றும் தனித் தனி. அப்போது தொகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் பேன் இணைத்தவருக்கு 10 சதவீதம், இணைக்காதவருக்கு 20 சதவீதம் டிடிஎஸ். அதோடு முடிவதில்லை, அந்த வருட வருமானத்தில் சேர்ந்து உங்கள் ஸ்லாபுக்கு ஏற்ற வரியும் வரும்.

பென்ஷனுக்கு 10 வருடம். இதுவும் கம்பெனிக் கணக்கில்லை, உங்கள் மொத்தக் கணக்கு. 9 வருடம் 6 மாதம் தாண்டிவிட்டால் 10 என்று எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் பென்ஷன் பணத்தை ரொக்கமாக எடுக்க முடியாது, 58 வயதில் மாத பென்ஷன்தான். 9 வருடம் 8 மாதத்தில், பென்ஷன் பணத்தை எடுப்பதற்கான படிவம் 10சி போட்டு, ஏன் நிராகரித்தார்கள் என்று புரியாமல் நிற்பவர்களுக்குக் காரணம் இதுதான். பென்ஷன் தொகை பெரிதென்று நினைக்க வேண்டாம்: 15,000-ஐப் பணி வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 2,140 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் ஒவ்வொரு முறை கம்பெனி மாறும்போதும் 10சி போட்டு எடுப்பவர்களுக்கு அந்தச் சின்னத் தொகைக்கான கணக்கும் திரும்பத் திரும்பப் பூஜ்யத்துக்குப் போகிறது.

ஆக, மூன்று கணக்கில் இரண்டு கம்பெனியைப் பொருட்படுத்துவதே இல்லை. யுஏஎன் என்ற 12 இலக்க எண் அறுபடாமல் இருக்கிறதா என்பதுதான் அவற்றுக்கு முக்கியம். கிராஜுவிட்டி ஒன்றுக்காக மட்டும் ஒரே இடத்தில் உட்காரலாமா என்பது, மேலே சொன்ன பெருக்கலைப் போட்டு, புதிய இடத்துச் சம்பள ஹைக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஓரிரு மாதம் குறைபவர்களுக்குத்தான் காத்திருப்பது லாபம்.

பேப்பர் போடுவதற்கு முன்

இந்த வேலைகள் ராஜினாமா செய்பவர்களுக்கு மட்டுமல்ல. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் என்று சொன்னது. நாள்பட இருந்தவர்கள் என்று பொருள். லேப்டாப்பையும் ஆபீஸ் மெயிலையும் அன்றைக்கே பூட்டிவிடும் வழக்கம் உள்ள துறையில், கீழே உள்ளதைச் செய்துவைக்க நல்ல நேரம் எல்லாம் சுமுகமாக இருக்கும் நேரமே.

முதலில் மொபைல். யுஏஎன்னில் பதிந்த மொபைலும் ஆதாரில் பதிந்த மொபைலும் வேறு வேறாக இருக்கலாம். லாகினுக்கான ஓடிபி முதல் எண்ணுக்குப் போகும். க்ளெய்ம், இ-நாமினேஷன் கையெழுத்து போன்றவற்றுக்கான ஓடிபி ஆதார் எண்ணுக்குப் போகும். கம்பெனி கொடுத்த சிம்மை யுஏஎன்னில் போட்டு வைத்திருந்தால், சிம்மைத் திருப்பிக் கொடுத்த அன்று போர்ட்டலும் கைவிட்டுப் போகும். மேனேஜ் மெனுவில் தொடர்பு விவரம் என்ற பகுதியில் சொந்த எண்ணும் சொந்த மெயிலும் இருக்கட்டும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. பழைய கம்பெனிக்காகத் திறந்த சாலரி அக்கவுன்ட், சம்பளம் நின்றதும் சாதாரண சேமிப்புக் கணக்காகி, குறைந்தபட்ச இருப்பு கேட்கத் தொடங்கும். கடுப்பாகி அதை மூடிவிட்டு, கேஒய்சியில் மாற்ற மறந்தால், க்ளெய்ம் பாஸாகியும் பணம் திரும்பிப் போகும். 2025 ஏப்ரலிலிருந்து வங்கிக் கணக்கை இணைக்கக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டியதில்லை, காசோலைப் படமும் கேட்பதில்லை. ஒரு சாவி எச்ஆர் கையிலிருந்து உங்களிடம் வந்தது அப்படித்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இனிஷியல். ஆதாரில் கார்த்திக் எஸ், பேனில் கார்த்திக் சுப்பிரமணியன், கம்பெனி ரெக்கார்டில் எஸ் கார்த்திக். வட இந்தியாவில் உட்கார்ந்து ஆஃபர் லெட்டர் அடித்தவர் சுப்பிரமணியன் கார்த்திக் என்று நான்காவது ஒன்றையும் சேர்த்திருப்பார். யுஏஎன்னில் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதலில் ஆதாரையும் பேனையும் ஒன்றாக்குங்கள், பிறகு யுஏஎன்னைத் தொடுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை திருத்த வேண்டிவரும். 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் ஆதாரோடு வாங்கிய யுஏஎன் என்றால், 2025 ஜனவரியிலிருந்து பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி போன்றவற்றை நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய யுஏஎன்னுக்குக் கம்பெனி ஒப்புதல் இன்னும் வேண்டும். ஆகவே 2017-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் கூட்டு உறுதிமொழிப் படிவத்தை நோட்டீஸ் பீரியட் ஓடும்போதே போட்டு, எச்ஆர் அதை அங்கீகரித்ததைத் திரையில் பார்த்தபிறகே வெளியே வர வேண்டும். விலகியவனின் மெயிலுக்கு எச்ஆர் பதில் போடும் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வியூ மெனுவில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். பழைய கம்பெனிகளின் விலகல் தேதி காலியாக இருக்கிறதா? பென்ஷனில் சேர்ந்த தேதி இருக்கிறதா? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பிஎஃப்பில் சேர்ந்து, அப்போதே பேசிக் 15,000-க்கு மேல் வாங்கியவர் பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது. அவருக்குக் கம்பெனியின் 12 சதவீதமும் பிஎஃப்புக்கே போக வேண்டும். பேசிக் 12,000-இல் ஃப்ரெஷராகச் சேர்ந்தவர் முறையான பென்ஷன் உறுப்பினர். பிறகு சம்பளம் ஏறினாலும் தொடரலாம். முதல் வகை ஆளுக்கும் மாதம் 1,250-ஐப் பென்ஷனுக்குத் தள்ளிவிடும் தவறு பேரோல் பிரிவுகளில் சகஜம். உள்ளே இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை, வருடங்கள் கழித்து மாற்றும்போதோ எடுக்கும்போதோ க்ளெய்ம் தட்டிப்போகும். திருத்த வேண்டியது தவறு செய்த கம்பெனி, அந்தப் பணத்தைப் பிஎஃப்புக்குத் திருப்பச் சொல்லி ஈபிஎஃப்ஓவுக்கு அது எழுத வேண்டும். அங்கே வேலையில் இருக்கும்போது கேட்பதற்கும் போனபின் கேட்பதற்கும் வித்தியாசம் சொல்லத் தேவையில்லை.

இ-நாமினேஷன் பத்து நிமிட வேலை: குடும்பத்தினரின் ஆதார், புகைப்படம், பங்கு சதவீதம், ஆதார் ஓடிபி கையெழுத்து. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். ஈடிஎல்ஐ என்ற ஆயுள் காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம், பணியில் இருக்கும்வரைதான். குரூப் மெடிக்ளெய்மும் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். இரண்டு கம்பெனிக்கு நடுவே ஒரு மாதம் ஓய்வெடுக்கத் திட்டமிடுபவர்கள் அந்த ஒரு மாதத்துக்குத் தனி மெடிக்கல் பாலிசி கையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

விலகிய பிறகு

விலகிய தேதியைக் கம்பெனி பதிவேற்ற வேண்டும். செய்யாவிட்டால், கடைசிப் பங்களிப்பு ஏறி இரண்டு மாதம் கழித்து மேனேஜ் மெனுவில் மார்க் எக்ஸிட் வழியே நீங்களே போடலாம், ஆதார் ஓடிபி போதும். கடைசிப் பங்களிப்பு எந்த மாதத்துக்கு வந்ததோ அந்த மாதத்தின் ஒரு தேதியைத்தான் ஏற்கும். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைப் பார்த்து அப்படியே போடுங்கள். ஒருமுறை போட்டுவிட்டால் திருத்துவது லேசில்லை.

புதிய இடத்தில் சேரும்போது தரும் படிவம் 11-இல் பழைய யுஏஎன்னைக் குறிப்பிட வேண்டும். ஆன்போர்டிங் நாளின் நாற்பது படிவங்களுக்கு நடுவே ‘ஏற்கெனவே உறுப்பினரா’ என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்து, இரண்டாவது யுஏஎன் வாங்கிக்கொண்டவர்கள் நிறைய. அப்படி ஆகியிருந்தால் புதிய யுஏஎன்னில் நுழைந்து பழையதிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேட்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், புதிய கம்பெனியின் முதல் பங்களிப்பு ஏறியதும் தானாகவே மாற்றம் தொடங்கி எஸ்எம்எஸ் வரும். வரவில்லையென்றால் ஆன்லைன் சர்வீசஸ் மெனுவில் ‘ஒன் மெம்பர் ஒன் ஈபிஎஃப் அக்கவுன்ட்’ பகுதிக்குப் போய்ப் படிவம் 13 போடுங்கள். 2025-இல் செய்த மாற்றங்களால் பெரும்பாலானவர்களுக்கு இதில் கம்பெனி ஒப்புதல் தேவையில்லாமல் போனது. பணம் வந்து சேரும் அலுவலகத்தின் ஒப்புதலும் நீக்கப்பட்டு, அனுப்பும் அலுவலகம் சரியென்றால் போதும் என்றானது. இந்தச் சேவையில் உண்மையாகவே பாராட்ட வேண்டிய பகுதி இதுதான்.

மாற்றம் முடிந்ததும் பாஸ்புக்கைப் பார்ப்பவர்கள் அலறும் ஓர் இடம்: பென்ஷன் பத்தியில் பழைய தொகை வந்திருக்காது. அது தவறில்லை. பென்ஷன் நிதி பொதுக்குளம். ஆளாளுக்கு இருப்பு கிடையாது. மாறுவது பணிக்காலம் மட்டும்தான். அது வந்திருக்கிறதா என்பதை அனெக்ஷர் கே என்ற தாளில் பார்க்க வேண்டும். முன்பு அலுவலகத்துக்கு அலுவலகம் மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்த இந்தத் தாளை இப்போது போர்ட்டலிலிருந்தே பதிவிறக்கலாம். பதிவிறக்கி, பணி நாட்களும் என்சிபி நாட்களும், அதாவது சம்பளமில்லா விடுப்பு நாட்களும், சரியா என்று பார்த்து, சொந்தக் கோப்பில் போட்டு வைக்கவும். பத்து வருடம் கழித்துப் படிவம் 10சி அல்லது மாத பென்ஷனுக்கான 10டி போடும்போது ‘முந்தைய பணி விவரம் வரவில்லை’ என்று தட்டிப்போனால் காட்டுவதற்கு இதுதான் ஆதாரம்.

டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற பெரிய கம்பெனிகள் பிஎஃப்பைச் சொந்த அறக்கட்டளையில் வைத்து நடத்தியவை. வட்டி ஈபிஎஃப்ஓ தருவதைவிடக் குறையக் கூடாது என்பது விதி, அதனால் நஷ்டமில்லை. ஆனால் போர்ட்டலின் அழகெல்லாம் இங்கே பாதியாகிவிடும். பாஸ்புக்கில் பென்ஷன் தொகை மட்டும் தெரியும். பிஎஃப் இருப்பைக் கம்பெனியின் உள்தளத்தில்தான் பார்க்க வேண்டும், விலகியபின் அந்தத் தளத்துக்கு வேறு லாகின். தானியங்கி மாற்றமும் நடக்காது. அறக்கட்டளை பணத்தை அனுப்பி, அனெக்ஷர் கேயையும் அனுப்ப வேண்டும். பணம் வந்து தாள் வராமல் தொங்குவதுதான் வழக்கமான சிக்கல். டிரஸ்டில் இருப்பவர்கள் கடைசி வேலை நாளுக்கு முன் முன்னாள் ஊழியர் லாகினையும் டிரஸ்டின் மெயில் முகவரியையும் வாங்கிக்கொண்டு, கடைசி வருடக் கணக்குச் சீட்டைப் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

மூன்லைட்டிங் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை

2022 செப்டம்பரில் போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியது. அதே மாதம் இன்ஃபோசிஸும் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மெயில் அனுப்பியது. இப்படி ஒரே நேரத்தில் இன்னொரு வேலையும் பார்ப்பது ஒழுக்கமா உரிமையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. போர்ட்டல் அதில் கட்சி சேர்வதில்லை. ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனி ஒரே யுஏஎன்னுக்குப் பணம் கட்டினால் இரண்டு வரியாக எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். புதிய கம்பெனிகளின் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் ஆட்கள் இப்போது அனுபவக் கடிதத்துக்கு இணையாக சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்கிறார்கள். ரெஸ்யூமேயில் இல்லாத ஆறு மாத வேலை அங்கே இருந்தால் கேள்வி வரும். நேர்மையாக மாறியவருக்கும் தேதி ஒன்றின்மேல் ஒன்று விழுவதுண்டு: பழைய கம்பெனி விலகல் தேதியை மாதக் கடைசி என்று போட்டிருக்கும், புதியது 20-ஆம் தேதியே சேர்ந்ததாகப் போட்டிருக்கும். இந்தக் காரணத்துக்காக மட்டும் டிரான்ஸ்ஃபர் க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2025 மே மாதம் ஈபிஎஃப்ஓ தன் அலுவலகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வெரிஃபிகேஷன்காரர்களுக்கு ரிலீவிங் லெட்டரைக் காட்டினால் போதும்.

எடுக்கலாமா?

வேலை மாறும்போதெல்லாம் பிஎஃப்பை எடுத்துப் பைக் வாங்குவது ஒரு தலைமுறை ஐடிக்காரர்களின் பழக்கம். வேலை விட்டுவிட்டால் வட்டி நின்றுவிடும் என்று சொல்லி எடுக்க வைப்பவர்களை நம்ப வேண்டாம். 58 வயது வரை வட்டி ஏறும். ஆனால் பணியில் இல்லாத காலத்து வட்டிக்கு வரி உண்டு. 2025 அக்டோபர் 13-இல் கூடிய ஈபிஎஃப்ஓவின் மத்திய அறங்காவலர் குழு எடுப்பு விதிகளை அடியோடு மாற்ற முடிவெடுத்தது: பகுதி எடுப்பின் 13 வகைகள் மூன்றாகின்றன, அதற்கு 12 மாதப் பணி போதும், 25 சதவீதம் எப்போதும் கணக்கில் நிற்க வேண்டும், வேலையில்லாமல் முழுத் தொகை எடுக்க முன்பிருந்த 2 மாதக் காத்திருப்பு 12 மாதமாகிறது, பென்ஷன் பணத்துக்கு 36 மாதம். விண்ணப்பிக்கும் அன்று போர்ட்டல் எந்த விதியைக் காட்டுகிறதோ அதுவே கணக்கு. யூடியூப் வீடியோவின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். லேஆஃப் பயத்தில் பிஎஃப்பை அவசர நிதியாக எண்ணி வைத்திருப்பவர்கள், ஆறு மாதச் செலவை வங்கியில் தனியே வைக்க வேண்டிய காரணம் இந்த 12 மாதம்தான்.

முன்பணம் மட்டும் வேண்டுமானால் படிவம் 31 வேகமாகவே நடக்கிறது. மனிதக் கை படாமல் தீர்க்கும் தானியங்கி வரம்பை 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். கேஒய்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை.

சிக்கினால்

கம்பெனிக்கு ஒன்றாக வரும் மெம்பர் ஐடியின் முதல் ஐந்து எழுத்துகள் உங்கள் பணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லும்: டிபிடிஏஎம் என்றால் தாம்பரம், சிபிசிபிஇ என்றால் கோயம்புத்தூர், பிஒய்பிஓஎம் என்றால் பெங்களூரு பொம்மசந்திரா. சோழிங்கநல்லூரில் வேலை பார்த்தாலும் கம்பெனி பெங்களூரில் பதிவென்றால் கோப்பு அங்கேதான். தெரியாமல் தாம்பரம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்து பயனில்லை.

ஈபிஎஃப்ஓவின் ஈபிஎஃப்ஐஜிஎம்எஸ் புகார்த் தளத்தில் ஒரு புகாரில் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். க்ளெய்ம் ஐடி, நிராகரித்த தேதி, நிராகரிப்பு வாசகம் அப்படியே, அதற்கு மறுப்பான தாளின் படம். மூன்று பிரச்சினையை ஒரே புகாரில் போட்டால் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதி மூடிவிடுவார்கள். மூடிய பதில் பொருந்தாவிட்டால் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, மத்திய அரசின் பொதுப் புகார்த் தளமான சிபிகிராம்ஸில் போடலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் ஈபிஎஃப்ஓவின் ‘நிதி ஆப்கே நிகட்’ குறைதீர் முகாம் நடக்கிறது. கம்பெனி மூடிப்போய் கையெழுத்துப் போட ஆளில்லாத கேஸ்களைத் தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் நகலோடு அங்கே கொண்டுபோவதுதான் வழி. 27 விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும்.